புள்ளி மின்னவில்லையா? போத்தலைக் கொட்ட முதல் இதைப் பாருங்கள்

குவாண்டம் புள்ளி, அதாவது ஒளி பட்டால் மின்னுகிற சில நானோமீற்றர் அளவுப் பளிங்கு, செய்கிற பிள்ளைகளிடமிருந்து எனக்கு வரும் செய்திகள் எல்லாம் ஒரே சாயலில்தான் இருக்கும். இருட்டு அறையில் எடுத்த ஒரு போத்தலின் படம், அதற்குக் கீழே "அண்ணா, இது ஏன் மின்னேல்லை?" என்று ஒரு வரி. அந்தப் படத்தை வைத்துக்கொண்டு நான் என்னத்தைச் சொல்வது? மின்னாததற்குக் குறைந்தது பத்துக் காரணம் இருக்கு, அதில் நாலைந்துக்குப் புள்ளியோடு சம்பந்தமே இல்லை. அதனால்தான் ஒருக்கா உட்கார்ந்து எழுதி வைக்கிறேன். உங்கள் போத்தலில் தெரிகிற அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள், எல்லாவற்றையும் வாசிக்கத் தேவையில்லை. அடுத்த இரண்டு பந்தியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள், இது விளங்காமல் கீழே உள்ளது ஒன்றும் விளங்காது.

குறைகடத்தி நானோபளிங்கு ஒன்றில் நீல ஒளியோ யூவி ஒளியோ விழுந்தால் ஓர் இலத்திரன் மேல் சக்திப் பட்டைக்கு ஏறிவிடும், அது விட்டுப்போன இடத்தில் ஒரு துளை மிஞ்சும். இரண்டும் கண்மூடித் திறப்பதற்கு எத்தனையோ மடங்கு முன்னரே தத்தம் பட்டையின் விளிம்புக்கு வந்து நின்றுவிடும். பிறகு ஆறுதலாக, கட்மியம் செலனைட்டு என்றால் ஏறத்தாழ இருபது நானோசெக்கன் கழித்து, ஒன்றோடொன்று சேரும். அப்போது வெளியே வருகிற போட்டோன்தான் நீங்கள் பார்க்கும் வெளிச்சம். சாதாரண பெரிய கட்மியம் செலனைட்டுப் பளிங்கில் இரண்டு பட்டைக்கும் நடுவிலுள்ள சக்தி இடைவெளி 1.74 இலத்திரன்வோல்ற்று. 1240 ஐ இலத்திரன்வோல்ற்றால் வகுத்தால் நானோமீற்றர் வரும், ஆகவே 712 நானோமீற்றர், கண்ணுக்கு அரைகுறையாய்த் தெரிகிற கடுஞ்சிவப்பு. பளிங்கைச் சில நானோமீற்றருக்குச் சுருக்கினால் இலத்திரனும் துளையும் நெருக்கமான இடத்துக்குள் அடைபட்டுச் சக்தி ஏறும், நிறம் நீலப் பக்கம் போகும். கோயில் திருவிழாவில் நாதஸ்வரக்காரர் கீழ் விரல்களை ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க ஊதுகிற குழல் குட்டையாகிச் சுருதி ஏறுகிறதல்லவா, கிட்டத்தட்ட அதே கதைதான். 3 நானோமீற்றர்ப் புள்ளி பச்சை கலந்த மஞ்சளாய், 560 நானோமீற்றருக்குக் கிட்ட மின்னும். 6 நானோமீற்றருக்கு வளர்ந்தால் நல்ல சிவப்பு.

இரண்டாவது விஷயம் மேற்பரப்பு. அந்த 3 நானோமீற்றர்ப் புள்ளிக்குள் ஏறத்தாழ 500 அணுக்கள்தான், அதில் பாதிக்குக் கிட்ட வெளித்தோலில் இருக்கின்றன. வெளியில் இருக்கும் அணுவுக்குப் பக்கத்தில் பிடிக்க ஆள் இல்லை, பிணைப்பு அந்தரத்தில் தொங்கும், அந்த இடம் இலத்திரனையோ துளையையோ பிடித்து வைக்கும் பொறியாகிவிடும். பொறியில் விழுந்தது வெப்பமாய்ப் போகும், அல்லது மங்கலான சிவந்த ஒளியாய்க் கசியும். அதை அடைக்கத்தான் ஒலெயிக் அமிலம் மாதிரியான இணையிகள், தலையால் புள்ளியைப் பிடித்துக்கொண்டு வாலை வெளியே நீட்டி நிற்கும். நிறத்தை அளவு தீர்மானிக்கிறது, வெளிச்சத்தைத் தோல் தீர்மானிக்கிறது. என்னிடம் வரும் கேஸ்களில் பெரும்பாலானவை தோல் வருத்தம்தான்.

கீழே சொல்வதெல்லாம் ஒக்ரடெசீன் என்ற எண்ணெயில் 225 பாகை செல்சியசுக்குச் சூடாக்கிச் செய்யும் கட்மியம் செலனைட்டுக்கும், தண்ணீரில் கொதிக்கவைத்துச் செய்யும் கட்மியம் தெலூரைட்டுக்கும் பொருந்தும். பெரோவ்ஸ்கைற்று என்ற வேறு வகைப் பளிங்கில் புள்ளி செய்கிறவர்களுக்கும் இடையில் கொஞ்சம் இருக்கு.

"ஒன்றுமே மின்னவில்லை"

முதலில் நீங்கள் அடிக்கிற யூவி ரோச்சைச் சந்தேகியுங்கள், பேந்து புள்ளியைச் சந்தேகிக்கலாம். வெள்ளை ஏ4 தாளில் அடியுங்கள். தாள் பளிச்சென்று நீலமாய் மின்னினால் ரோச் வேலை செய்கிறது. அடுத்தது, அந்த ரோச்சின் ஒளியை உங்கள் புள்ளி விழுங்குமா என்ற கேள்வி. கட்மியம் செலனைட்டுக்கு 365, 395, ஏன் 405 நானோமீற்றர் லேசர்கூடக் காணும். ஆனால் நாக சல்பைட்டின் இடைவெளி 3.6 இலத்திரன்வோல்ற்றுக்கு மேல், கணக்குப் போட்டால் 340 நானோமீற்றருக்குக் கிட்ட வரும், அப்படியென்றால் கடையில் வாங்கிய 395 ரோச்சின் ஒளி அதற்குள் நுழைந்து மற்றப் பக்கத்தால் ஒன்றும் நடக்காத மாதிரி வெளியேறிவிடும். இதை யோசிக்காமல் ஒருவர் ஒரு கிழமை மினக்கெட்டார், பாவம், அவருடைய புள்ளியில் பிழையே இல்லை.

ரோச் சரியென்றால் போத்தலை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நிறமே இல்லையா? அப்போது புள்ளி உருவாகவே இல்லை. செலனியம் சரியாகக் கரையாமல் ஊற்றியிருப்பீர்கள், இல்லையென்றால் எண்ணெய் போதிய சூட்டில் இருந்திருக்காது. மஞ்சளோ செம்மஞ்சளோ இருந்தும் மின்னவில்லையா? புள்ளி இருக்கு, விழுங்குகிறது, விழுங்கியதைத் திருப்பித் தரவில்லை. இதில் மிச்சம் மூன்று சந்தேகம்.

சூடு முதலாவது. குடுவையில் இருந்து எடுத்த கையோடு ரோச் அடித்தால் மங்கலாகத்தான் இருக்கும், சூட்டில் ஒளிர்வு குறையும், நிறமும் கொஞ்சம் சிவக்கும். அறைச் சூட்டுக்கு ஆறட்டும். இரண்டாவது செறிவு. கரைசல் கடும் செம்மஞ்சளாய் இருந்தால் ரோச் ஒளி முழுவதையும் கண்ணாடியை ஒட்டிய மெல்லிய படையே குடித்துவிடும். உறிஞ்சல் ஒன்று கூடினால் ஒளி பத்தில் ஒன்றாகும், ஆகவே ஒரு சென்ரிமீற்றருக்கு உறிஞ்சல் 4 என்றால் நடுவுக்கு வந்து சேர்வது நூறில் ஒரு பங்குதான், ஒளியை நிறம் நிறமாய்ப் பிரித்து அளக்கிற நிறமாலைமானியோ அந்த நடுவைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறது. ஒரு துளியை எடுத்து மூன்று மில்லிலீற்றர் ஹெக்சேனில் விட்டுப் பாருங்கள், ஒளிர்வை அளப்பதென்றால் உறிஞ்சலை 0.1 க்குக் கீழே கொண்டுவாருங்கள். ஐதாக்கியதும் "திடீரென்று" மின்னிய போத்தல்களை எண்ணிக் கணக்கில்லை.

மூன்றாவது, கழுவல். மெதனோலோ அசற்றோனோ ஊற்றிப் புள்ளியைப் படியவைத்து, சென்ரிபியூஜில் சுற்றி, திரும்பக் கரைத்து, திரும்பக் கழுவி... சுத்தமாய் வரட்டும் என்று நாலைந்து தரம் செய்கிறார்கள். ஒவ்வொரு கழுவலிலும் இணையி கொஞ்சம் கழன்று போகிறது. கறிச்சட்டியைத் தேய்க்கிற மாதிரித் தேய்த்தால் கடைசியில் தோல் இல்லாத புள்ளிதான் மிஞ்சும். இரண்டு தரம் காணும். கூடக் கழுவிவிட்டீர்கள் என்றால் சொட்டு ஒலெயிலமைன் விட்டு இரவு முழுக்க வைத்துப் பாருங்கள், சிலவேளை திரும்பி வரும்.

தண்ணீரில் செய்யும் கட்மியம் தெலூரைட்டுக்காரருக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும், யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட முடியாது. போன வருடம் ஒரு தம்பி வந்தார். முதல் நாள் பின்னேரம் நல்ல பச்சை மஞ்சளாய் மின்னிய கரைசல், அடுத்த நாள் காலையில் செத்துக் கிடக்கு. என்ன செய்தீர் என்று கேட்டால் ஒன்றும் செய்யவில்லையாம்.

"என்ன தண்ணி பாவிச்சனீர்?"

"வடிச்ச தண்ணிதான் அண்ணா... அது முடிஞ்சு போச்சுது. கடைசியா அளவுக்கு நிரப்பினது மட்டும் பைப் தண்ணியால."

பைப் தண்ணீர் என்றால் மேலே தாங்கிக்கு ஏற்றிய கிணற்றுத் தண்ணீர். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல், வீட்டுக் கேத்திலுக்குள் வெள்ளையாய்ப் படிந்து கிடப்பது அதுதான். தண்ணீரில் செய்யும் புள்ளியின் தோலில் இருப்பது மேர்கப்ரோபுரோபியோனிக் அமிலம் மாதிரியானது: கந்தக முனை புள்ளியைப் பிடித்திருக்கும், மற்ற முனையில் எதிர் ஏற்றம். எல்லாப் புள்ளிக்கும் ஒரே ஏற்றம் என்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு கரைசலில் மிதக்கின்றன. கல்சியம் அயனுக்கு இரட்டை நேர் ஏற்றம். அது வந்தால் அந்த ஏற்றத்தை அணைத்துவிடும், இரண்டு புள்ளிக்கு நடுவில் நின்று இரண்டையும் கட்டியும் விடும்.

நான் அவருக்குச் செய்து காட்டினேன், நீங்களும் செய்து பாருங்கள், மறக்காது. மிச்சமிருந்த நல்ல கரைசலை இரண்டு சின்னப் போத்தலில் எடுத்தோம். ஒன்றில் அதே அளவு வடித்த தண்ணீர், மற்றதில் அதே அளவு கிணற்றுத் தண்ணீர். லைற்றை நிறுத்தி இரண்டுக்கும் கீழிருந்து ரோச் அடித்தோம். முதலில் வித்தியாசம் இல்லை. கொஞ்ச நேரத்தில் கிணற்றுப் போத்தலின் ஒளி கண்ணாடியில் மூச்சுப் பட்ட மாதிரி மங்கியது, பிறகு உள்ளே நூல் நூலாய் ஏதோ அசைந்தது. தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தால் பால் திரைந்த மாதிரி மணி மணியாய்ப் பிரிந்து அடியில் இறங்கிக்கொண்டிருந்தது, அந்த மணிகளில் மட்டும் கொஞ்சம் செம்மஞ்சள் ஒளி, மேலே நின்ற தண்ணீர் வெறும் இருட்டு. பக்கத்துப் போத்தல் அசையாமல் அப்படியே மின்னிக்கொண்டு நின்றது. தம்பி ஒன்றும் கதைக்கவில்லை, போய் வடித்த தண்ணீருக்கு ஓடர் எழுதினார்.

பிஎச் விழுந்தாலும் இதே கூத்துத்தான், அமிலம் கூடினால் ஏற்றம் போய்விடும், புள்ளி படிந்துவிடும். செப்பு இன்னும் மோசம்: செப்பு அயன் தோலில் கட்மியத்தின் இடத்தைப் பிடித்து ஒளிர்வை அடியோடு அணைக்கும், அதற்குக் கொஞ்சமே காணும். செப்பு அயனைக் கண்டுபிடிக்கவே இந்தப் புள்ளிகளைப் பாவிக்கிறார்கள் என்றால் பாருங்கள்.

"நீலமாய் மின்னுகிறது, எவ்வளவு சூடாக்கினாலும் நீலம்தான்"

சந்தோஷப்படாதீர்கள். கட்மியம் செலனைட்டு நீலமாய் இருப்பது 2 நானோமீற்றர் அளவில், தொடக்கத்தில் கொஞ்ச நேரம் மட்டும். அரை நிமிடத்தில் எடுத்த மாதிரியும் பத்து நிமிடத்தில் எடுத்த மாதிரியும் ஒரே நீலம் என்றால் மின்னுவது புள்ளி இல்லை. சவர்க்காரத்தூளில் உடுப்பை வெள்ளையாய்க் காட்டப் போடுகிற சாமான் நீலமாய் மின்னும், அது கண்ணாடியில் ஒட்டியிருக்கலாம். பழைய ஒலெயிக் அமிலமும் மின்னும். சில பிளாஸ்ரிக் போத்தலும் மின்னும். 395 ரோச்சில் இருந்து வருகிற ஊதா வெளிச்சமே கரைசலில் பட்டுத் தெறித்துக் கண்ணை ஏமாற்றும். வழி ஒன்றுதான்: செலனியம் மட்டும் போடாமல் மற்ற எல்லாம் போட்ட ஒரு போத்தலைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதுவும் நீலமாய் மின்னினால் கதை முடிந்தது. கண்ணுக்கும் போத்தலுக்கும் நடுவில் மஞ்சள் கண்ணாடித்தாள் பிடித்தால் ரோச்சின் ஊதா வடிந்துவிடும். பட்டம் ஒட்டுகிற தாள் சரிவராது, அது வெளிச்சத்தைச் சிதறடிக்கும்.

"மங்கலான, பரந்த செம்மஞ்சள், சுத்தமான நிறமாய் இல்லை"

இது பொறி ஒளிர்வு. உறிஞ்சல் வரைபையும் ஒளிர்வு வரைபையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டுப் பாருங்கள். ஆரோக்கியமான புள்ளியில் ஒளிர்வுச் சிகரம் உறிஞ்சலின் முதற் சிகரத்தில் இருந்து பத்து இருபது நானோமீற்றர் தள்ளி இருக்கும், அகலம் முப்பது நானோமீற்றர் அளவில். பொறி ஒளிர்வு நூறு நானோமீற்றருக்கும் அப்பால் சிவப்புப் பக்கம் தொப்பை போட்டுக்கொண்டு நிற்கும். சின்னப் புள்ளிகளில் இரண்டும் சேர்ந்து வரும்: கூர்மையான ஒரு சிகரம், பின்னால் ஒரு மேடு. சின்னதாக ஆக ஆகத் தோலின் பங்கு கூடுகிறது, அதனால் இது இயல்பு. அமெரிக்காவில் வாண்டர்பில்ற் பல்கலைக்கழகத்தில் 2005 இல் ஒன்றரை நானோமீற்றர் அளவுக் கட்மியம் செலனைட்டு வெள்ளையாகவே மின்னுவதைக் கண்டார்கள், அங்கே இந்தக் குறையே ஒரு பயனாகிவிட்டது. உங்களுக்கு வெள்ளை விளக்கு வேண்டாம் என்றால் தோலைத் திருத்த வேண்டும்.

முறையான திருத்தம் ஓடு போடுவது. 1996 இல் ஹைன்ஸ், கியோ-சியோன்னெஸ்ற் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கட்மியம் செலனைட்டுக்கு மேல் நாக சல்பைட்டு ஓடு போட்டு, விழுங்கிய நூறு போட்டோனில் ஐம்பது திரும்பி வருகிற அளவுக்குக் கொண்டுவந்தார்கள், அதுவும் அறைச் சூட்டில். நாக சல்பைட்டின் இடைவெளி பெரிது, அதனால் இலத்திரனுக்கும் துளைக்கும் அது மதில், தோலில் இருக்கும் பொறிவரைக்கும் போக விடாது. ஆனால் தடிப்பாய்ப் போட்டால் நல்லது என்று நினைத்து ஊற்றிக்கொண்டே போகாதீர்கள். இரண்டு பளிங்கின் அணு இடைவெளிக்கும் நூற்றுக்குப் பத்துக்கு மேல் வித்தியாசம், ஓடு தடிக்கத் தடிக்க வெடிக்கும், வெடிப்பே புதுப் பொறியாகும். "ஓடு போட்டதும் முதலில் கூடினது, பேந்து குறைஞ்சிட்டுது" என்கிறவர்களுக்கு இதுதான் நடந்திருக்கு. நடுவில் கட்மியம் சல்பைட்டு ஒரு படை போட்டால் இழுவை குறையும்.

"நிறம் நினைத்த இடத்தில் இல்லை"

நினைத்ததை விட நீலமா? புள்ளி வளரவில்லை, அனேகமாய்ச் சூடு காணாது. சூட்டை அளக்கிற வெப்பவிணையின் நுனி எண்ணெய்க்குள் இருக்கா, குடுவைச் சுவரில் முட்டிக்கொண்டு இருக்கா என்று பாருங்கள், சுவரில் முட்டினால் 225 காட்டும்போது உள்ளே 200 ஆக இருக்கலாம். கரண்டையும் பாருங்கள். 230 வோல்ற்று வர வேண்டிய இடத்தில் பின்னேரம் 200 தான் வருகிறது என்றால் ஹீற்றரின் வலு முக்கால்வாசியாய் விழுந்துவிடும், வலு வோல்ற்றளவின் வர்க்கத்தோடு போகிறது. குளிர்ந்த செலனியக் கரைசலை ஊற்றியதும் விழுகிற சூட்டை அது திரும்ப ஏற்ற நேரம் எடுக்கும். ஒரே செய்முறை காலையில் ஒரு நிறம், மாலையில் ஒரு நிறம் தருகிற மர்மம் எங்களுக்கு இப்படித்தான் அவிழ்ந்தது. 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்ததே, அந்த நாட்களில் நடுவழியில் கரண்ட் போய் ஆறிய குடுவையைத் திரும்பச் சூடாக்கி அதே மாதிரி என்று பதிந்தவர்களும் உண்டு (நானும்தான்). அது வேறு மாதிரி, வேறு அளவுப் பரம்பல். வீசிவிட்டுப் புதிதாய்த் தொடங்குங்கள். புகை இழுக்கும் அலுமாரியும் கரண்டோடு நின்றுவிடும், அதை மறந்து குடுவைக்கு மேல் குனிந்துகொண்டு நிற்க வேண்டாம்.

நினைத்ததை விடச் சிவப்பா? கூட வளர்ந்திருக்கலாம், இல்லையென்றால் செறிவு. செறிந்த கரைசலில் ஒரு புள்ளி விட்ட ஒளியின் நீல ஓரத்தை அடுத்த புள்ளி விழுங்கிவிடும், வெளியே வருவது சிவந்த மிச்சம். ஐதாக்கினால் சிகரம் பின்னால் வந்தால் இதுதான். கண்ணாடித் தகட்டில் உலரவிட்டதும் சிவந்தது என்றால் வேறு கதை: புள்ளிகள் முட்டிக்கொண்டு இருக்கும்போது சின்னது தன் சக்தியை ஒளியாக்காமலே பக்கத்துப் பெரியதுக்குக் கைமாற்றிவிடும், மின்னுவது பெரியதுகள் மட்டும். அதைப் பிழை என்று எழுதாதீர்கள், அறிக்கையில் ஒரு பந்தி எழுதலாம்.

"சிகரம் சரியான இடத்தில், ஆனால் அகலம்"

எல்லாப் புள்ளியும் ஒரே நேரத்தில் பிறக்கவில்லை. செலனியக் கரைசலைச் சொட்டுச் சொட்டாய் விட்டால் முதற் சொட்டில் பிறந்தது வளர்ந்துகொண்டிருக்கக் கடைசிச் சொட்டில் இன்னொன்று பிறக்கும். சிரிஞ்சை ஒரே தள்ளாய்த் தள்ளுங்கள். 1993 இல் ஆய்வாளர் பவெண்டியின் குழு செய்த பெரிய வேலையே அதுதான், சூடான கரைப்பானுக்குள் ஒரே வீச்சில் செலுத்தி, கரு உருவாவதையும் வளர்ச்சியையும் பிரித்தது. 2023 இல் அவருக்கு எக்கிமோவ், புரூஸ் இருவரோடும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. மற்றது, கூட நேரம் அடுப்பில் விட்டாலும் அகலும். சின்னது கரைந்து பெரியதில் போய்ச் சேரும்.

"நேற்று மின்னியது, இன்று இல்லை"

புரூஸுக்கும் இப்படி ஒன்று நடந்தது. 1980களின் தொடக்கத்தில் கட்மியம் சல்பைட்டுத் துகள் கரைசலை மேசையில் விட்டுவிட்டுப் போய்த் திரும்பி வந்து பார்த்தால் அதன் ஒளியியல் பண்பு மாறியிருந்தது. அவர் கொட்டவில்லை, துகள் வளர்ந்துவிட்டதோ என்று யோசித்தார், அங்கிருந்துதான் அளவுக்கும் நிறத்துக்குமான தொடர்பு அவர் கைக்கு வந்தது. எக்கிமோவ் அதைக் கண்ணாடிக்குள் செம்புக் குளோரைட்டில் 1981 இல் காட்டியிருந்தார், புரூஸ் திரவத்தில் மிதக்கும் துகளில்.

உங்கள் போத்தலுக்கு வருவோம். சிகரம் நீலப் பக்கம் நகர்ந்து மங்கியிருந்தால் ஒட்சிசனும் வெளிச்சமும் சேர்ந்து தோலைத் தின்றிருக்கின்றன, உள்ளே மிஞ்சிய புள்ளி சின்னதாகிவிட்டது. யன்னலோரம் வைத்தீர்களா? எங்கள் சித்திரை வெயிலில் அது அடுப்புக்குப் பக்கத்தில் வைத்த மாதிரி. ஈயத்தாள் சுற்றி அலுமாரிக்குள் வையுங்கள். சிகரம் அதே இடத்தில் நின்று மங்கியிருந்தால் இணையி கழன்றிருக்கும், முக்கியமாய் நீங்கள் கடுமையாய் ஐதாக்கி வைத்தது என்றால். ஐதான கரைசலில் கழன்ற இணையி திரும்பி வர அருகில் இருக்காது. செறிவாய்ச் சேமித்து, அளக்கும்போது மட்டும் ஐதாக்குங்கள். எதிர்மாறாக, ரோச் அடிக்க அடிக்க வெளிச்சம் கூடிக்கொண்டு போவதும் உண்டு. தோலில் உள்ள பொறிகள் சில ஒளியில் அடைபடுகின்றன, பயப்பட வேண்டாம். ஆனால் அளவீட்டை அதற்கு நடுவில் எடுக்காதீர்கள்.

பெரோவ்ஸ்கைற்றுக்காரரே, சீசியம் ஈய புரோமைட்டின் பச்சை எவ்வளவு அழகோ அவ்வளவு தொட்டாச்சுருங்கி. அது அயன் பளிங்கு, தண்ணீர் பட்டால் கரையும், மெதனோலால் கழுவினாலும் போய்விடும், எதைல் அசற்றேற்றுப் பாவியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் திறந்த மேசையில் படலம் ஊற்றி அது காலையில் மங்கிப் போனால் காரணம் தேட வேண்டாம்.

"பச்சையும் சிவப்பும் கலந்தேன், செம்மஞ்சள் வந்தது"

பெரோவ்ஸ்கைற்றுத்தானே? புரோமைட்டும் அயடைட்டும் போத்தலுக்குள்ளேயே இடம் மாறிக்கொள்ளும், எல்லாப் புள்ளியும் நடு நிறத்துக்கு வந்துவிடும். கட்மியம் செலனைட்டில் இப்படி நடக்காது, அங்கே இரண்டு சிகரமும் தனித்தனியே நிற்கும்.

"நிறமாலைமானியில் புரியாத ஒரு சிகரம்"

அருட்டும் அலைநீளத்தை, அதாவது புள்ளியை மின்னவைக்க அடிக்கிற ஒளியின் அலைநீளத்தை, மாற்றிப் பாருங்கள், பாதி வழக்கு அதிலேயே தீரும். புள்ளியின் சிகரம் நின்ற இடத்தில் நிற்கும், கள்ளச் சிகரம் கூடவே நகரும். 350 நானோமீற்றரால் அருட்டும்போது சரியாய் 700 இல் ஒரு கூர் வந்தால் அது கருவிக்குள் ஒளியைப் பிரிக்கிற கீற்றணியின் இரண்டாம் வரிசை, வடிகட்டி போட்டால் மறையும். தண்ணீர்க் கரைசலில் 365 ஆல் அருட்டி 417 அருகே ஒரு சின்ன மேடு தெரிந்தால் அது தண்ணீரின் ராமன் சிதறல், அதாவது அருட்டும் ஒளி தண்ணீர் மூலக்கூறில் பட்டுக் கொஞ்சம் சக்தி இழந்து சிதறுவது, வெறும் தண்ணீரிலும் வரும். அதைப் புதுப் புள்ளி என்று எழுதிக்கொண்டு வந்த அறிக்கை ஒன்றை நான் வாசித்திருக்கிறேன். எழுதினவர் இப்போது நல்ல ஆய்வாளர், ஆகவே பெயர் வேண்டாம்.

"நுணுக்குக்காட்டியில் விட்டு விட்டு மின்னுகிறது"

கருவியும் சரி, கரண்டும் சரி. தனிப் புள்ளியைப் பார்க்கிறீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி. 1996 இல்தான் இதை முதலில் கண்டார்கள். புள்ளிக்குள் ஓர் ஏற்றம் கூடுதலாய் மாட்டிக்கொண்டால் இலத்திரனும் துளையும் சேரும்போது வருகிற சக்தியை அந்த மூன்றாவது ஆள் பறித்துக்கொள்வான், ஒளி வராது. ஏற்றம் போனதும் திரும்ப மின்னும். போத்தலில் கோடிக்கணக்கான புள்ளி சேர்ந்து மின்னுவதால் இது தெரிவதில்லை. தடித்த ஓடு போட்டால் குறையும்.

"வீணாய்ப் போன போத்தலை என்ன செய்ய?"

தொட்டிக்குள் ஊற்ற வேண்டாம். குடாநாட்டில் வற்றாத ஆறு என்று ஒன்று இல்லை, மழைக் காலத்தில் ஓடும் வழுக்கியாறு மட்டும்தான். மண்ணுக்குள் இறங்கியது சுண்ணாம்புக்கல் வெடிப்பு வழியே யாரோ ஒருவருடைய கிணற்றுக்குத்தான் போகும், கட்மியம் போனால் சிறுநீரகத்தில் போய்க் குந்தும். முதற் கழுவல் நீர், கையுறை, துடைத்த தாள், தோற்றுப்போன மாதிரி எல்லாவற்றுக்கும் மூடி இறுகுகிற தனிப் போத்தலும் பையும் வையுங்கள், மேலே கட்மியம் என்றும் திகதியும் எழுதி ஒட்டுங்கள். எண்ணெயில் செய்ததையும் தண்ணீரில் செய்ததையும் ஒரே போத்தலில் கலக்க வேண்டாம். போத்தல் முக்கால்வாசி நிறைந்ததும் ஆய்வுகூடப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிட்டு, பதிவுப் புத்தகத்தில் அவருடைய கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.